அழைப்பு விவரப் பக்கம்

லாபு
8 ஜூலை 2024

மாதவி அக்காவுக்கு,

அம்மாவின் கருமாதிக்கு முந்தின நாள் நீ பையைத் தூக்கிக்கொண்டு தம்பினுக்குப் போனாய். அதோடு பேச்சு நின்றது. என் எண்ணை நீ பிளாக் செய்து வைத்திருக்கிறாய் என்று தெரியும். அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். சமாதானம் பேச அல்ல. ஒரு விஷயம் கேட்க வேண்டும்.

அம்மாவுக்கு நான் சிரம்பான் கடையில் ஒரு கைப்பேசி வாங்கிக் கொடுத்தேனே, நினைவிருக்கும். ஒன்றை அழுத்தினால் எனக்கு வரும், இரண்டை அழுத்தினால் உனக்கு. அது என் பெயரில் எடுத்த இரண்டு வருட ஒப்பந்தம். மாதாமாதம் பில் கட்ட வேண்டும். நான்கு மாதத்துக்கு ஒரு முறை அந்த மாதத்து பில்லைக் கடைக்கு அனுப்பினால் கொஞ்சம் பணம் திரும்பி வரும். மொத்தம் ஐந்து தடவை. பில் வந்து முப்பது நாளுக்குள் அனுப்ப வேண்டும், லைன் பயன்பாட்டில் இருக்க வேண்டும். ஒரு தடவை தவறினாலும் மிச்சம் எதுவும் கிடையாது. பாதிப் பேர் மறந்துவிடுவார்கள் என்று நம்பித்தான் இப்படி ஒரு கேஷ்பேக்கை வைத்திருக்கிறார்கள் போல. நான் மறக்கவில்லை. அம்மா போன பிறகும் லைனை வெட்டவில்லை. வெட்டினால் அபராதம். அதோடு, அந்தப் பணத்தில் அம்மாவுக்கு சிமெண்டில் ஒரு சமாதி கட்டிவிடலாம் என்று இருந்தேன். மழைக்கு மண் உள்ளே இறங்கிக்கொண்டே போகிறது.

மூன்று தடவை பணம் வந்தது. நான்காவதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். முன்பெல்லாம் பில்லின் முன்பக்கம் மட்டும் போதும். இப்போது யார் யாருக்குப் பேசினோம் என்ற அழைப்பு விவரப் பக்கமும் வேண்டுமாம். இந்த வருடத்து மாதங்களுக்கு அதைக் கேட்டு வாங்கினேன். வெறும் தாளாக இருக்கும், பணம் போச்சு என்றுதான் நினைத்தேன்.

வெறும் தாளாக இல்லை. ஒவ்வொரு மாதமும் ஒரே ஒரு அழைப்பு. பன்னிரண்டாம் தேதி, மாலை 6.40. ஒரு நிமிடம். உன் எண்ணுக்கு.

அம்மா செம்பனைத் தோட்டத்துக்குள் காணாமல் போனது ஒரு பன்னிரண்டாம் தேதி. அந்தக் கைப்பேசியை போலீஸ் தேடியும் கிடைக்கவில்லை. அது உன்னிடம் இருந்தால் கொடுத்துவிடு. எதற்காக இப்படிச் செய்கிறாய் என்று கேட்க மாட்டேன்.

புனிதா


தம்பின்
19 ஜூலை 2024

புனிதா,

உன் கடிதத்தை கிளினிக் கவுண்டரில் உட்கார்ந்து படித்தேன். டாக்டர் கூப்பிட்டது காதில் விழவில்லை.

அந்தக் கைப்பேசி என்னிடம் இல்லை. அது உன்னிடம் இருக்கிறது, நீதான் என்னைத் துன்புறுத்தக் கூப்பிடுகிறாய் என்று பத்து மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் தடவை வந்தபோது திரையில் ‘அம்மா’ என்று வந்தது. அடக்கம் செய்து ஒரு மாதம் கூட ஆகவில்லை. கை தானாக எடுத்துவிட்டது. யாரும் பேசவில்லை. மட்டைகள் உரசும் சத்தம், வாய்க்காலில் தவளை, தூரத்தில் ஓர் ஆந்தை. பிறகு துண்டித்துவிட்டது. அடுத்த மாதமும் அப்படியே. மூன்றாவது மாதம் நான், “புனிதா, போதும், ஏன் இப்படிப் பண்றே?” என்று கேட்டேன். அப்போது மட்டும் அந்தப் பக்கம் எல்லாச் சத்தமும் நின்றது. தவளை கூட.

உன் எண்ணை பிளாக் செய்தேன். அம்மாவின் எண்ணைச் செய்ய மனம் வரவில்லை. பன்னிரண்டாம் தேதி சாயந்தரம் ஆனால் கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். எடுக்கக் கூடாது என்றுதான் ஒவ்வொரு மாதமும் நினைப்பேன்.

யாரோ தோட்டத்து ஆள் கண்டெடுத்து வைத்திருக்க வேண்டும். விசாரி. எனக்கு போன் செய்யாதே. மணி அடித்தாலே உடம்பு தூக்கிப் போடுகிறது. எழுது.

மாதவி


லாபு
20 ஆகஸ்ட் 2024

அக்கா,

விசாரித்தேன். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கணேசமூர்த்தி மண்டோர்தானே அம்மாவை முதலில் பார்த்தவர், அவரிடமே போய்க் கேட்டேன். வங்காளதேசத் தொழிலாளர்கள் தங்கும் வீடுகளுக்கும் கூட்டிப் போனார். யாரிடமும் இல்லை. நான் அந்த எண்ணுக்கு எத்தனையோ தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். அணைந்து கிடக்கிறது என்றுதான் ஒவ்வொரு தடவையும் பதில் வருகிறது. மண்டோர் சொன்னார்: “பதினேழாம் பிளாக்ல லைனே கிடைக்காதும்மா. போன வருசம் உங்கம்மா போனப்புறம் வந்த மழைக்கு டவர் விழுந்துச்சு, இன்னும் தூக்கி நிறுத்தல. அங்கேருந்து யாரு யாருக்குப் பேச முடியும்?”

பதினேழாம் பிளாக் என்று நான் சொல்லவே இல்லை. தோட்டத்தில் அந்தப் பகுதியில்தான் அம்மாவைக் கண்டெடுத்தார் என்பதால் அவராகவே சொன்னார்.

அன்றைக்குப் பார்த்ததையும் மறுபடி ஒரு தடவை சொன்னார். மூன்றாம் நாள் காலை. செம்பனை மரத்தில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, மடியில் கையை வைத்துக்கொண்டு. “வழி தேடி அலைஞ்ச ஆள் மாதிரியே இல்லைம்மா. சுத்தி புல்லு கூட மிதிபடல. பஸ்ஸுக்கு உக்காந்திருக்கிற மாதிரி இருந்தாங்க.”

நான்காவது கேஷ்பேக் வந்துவிட்டது. அந்த ஒரு நிமிட அழைப்பு இருந்ததால்தான் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

இன்னொன்று. பழைய மாதங்களின் விவரப் பக்கத்தையும் கேட்டு வாங்கினேன். போன வருடம் செப்டம்பர் 12-க்கு எதிரே காலையிலிருந்து நிறைய அழைப்புகள் இருக்கின்றன. கடைசி இரண்டைப் பார். முதலாவது 6.38-க்கு எனக்கு. தொழிற்சாலையில் கைப்பேசியை லாக்கரில் வைக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். அது வாய்ஸ்மெயிலுக்குப் போயிருக்கிறது. இரண்டாவது 6.40-க்கு உனக்கு. நான்கு நிமிடம்.

எடுக்காத அழைப்புக்கு நிமிடக் கணக்கு வராது, அக்கா.

சாவு வீட்டில் எல்லார் முன்னாலும் நீதானே சொன்னாய், “கடைசியா அம்மா கூப்பிட்டாங்க, நான் எடுக்கல” என்று? அதை வைத்துத்தானே நான் உன்னை வாய்க்கு வந்தபடி பேசினேன்? நீ ஒரு வார்த்தை பதில் சொல்லாமல் தலை குனிந்து நின்றாயே. நான்கு நிமிடம் அம்மா என்ன சொன்னார்?

புனிதா


தம்பின்
18 செப்டம்பர் 2024

புனிதா,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. ஐந்து தடவை எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்குள் பெட்டியில் போட்டுவிட வேண்டும்.

நான் எடுத்தேன்.

அன்றைக்கு அது அம்மாவின் பன்னிரண்டாவது அழைப்பு. அம்மாவுக்கு நினைவு தப்ப ஆரம்பித்த பிறகு எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும். வீட்டுக்குள்ளேயே கட்டிலில் உட்கார்ந்துகொண்டு வழி தெரியவில்லை, வந்து கூட்டிப் போ என்பார். காலையிலிருந்து அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். கிளினிக்கில் அன்று காய்ச்சல் கூட்டம்.

“மாதவி, எல்லா மரமும் ஒரே மாதிரி இருக்கு. எந்தப் பக்கம் போறதுன்னு தெரியல.”

“எங்கம்மா இருக்கீங்க?”

“மரத்துக்கிட்ட.”

வீட்டு வாசல் மாமரம் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். “அம்மா, அங்கேயே உக்காருங்க. எங்கேயும் நகராதீங்க. புனிதா வருவா, வந்து கூட்டிட்டுப் போவா” என்றேன். அவர் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார். நானும் சொன்னதையே சொன்னேன். கடைசியில், “சரி, நான் இங்கேயே இருக்கேன்” என்றார். குழந்தை மாதிரி.

உடனே உனக்குப் போட்டேன். நீ எடுக்கவில்லை. அப்புறம் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கிளினிக்கை மூடும்போது எனக்கு அது ஞாபகத்திலேயே இல்லை. மறுநாள் நீ அழுதுகொண்டு கூப்பிட்ட பிறகுதான் வந்தது. அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. எடுக்கவில்லை என்று சொல்வது எனக்கு லேசாக இருந்தது. நீ திட்டியதெல்லாம் கூட லேசாகத்தான் இருந்தது.

புல் மிதிபடவில்லை என்று மண்டோர் சொன்னதாக எழுதியிருந்தாய். எப்படி மிதிபடும்? நகராதே என்று நான்தானே சொன்னேன்.

போன வாரம், வருடம் திரும்பிய அன்றும் அழைப்பு வந்தது. யார் கூப்பிடுகிறார்கள் என்று இப்போது எனக்குச் சந்தேகமில்லை. அம்மா இன்னும் எழுந்திருக்கவில்லை. நீ வரும் வரைக்கும் இருக்கச் சொன்னேன், இருக்கிறார். அடுத்த பன்னிரண்டாம் தேதி நான் வருகிறேன். நீயும் வர வேண்டும். நான் போய்க் கூப்பிட்டுப் பயனில்லை, உன் பெயரைத்தான் சொல்லியிருக்கிறேன்.

மாதவி


லாபு
27 செப்டம்பர் 2024

அக்கா,

படித்தேன். இப்போதைக்கு உன்னை என்ன சொல்வது என்று தெரியவில்லை.

ஒன்று மட்டும். மாதம் ஒரு வாரம் அம்மாவை நீ வைத்துக்கொள் என்று எத்தனை தடவை கேட்டேன். ஒரு வாரம். வாடகை வீடு, மாடிப்படி, வேலை என்றாய்.

அக்டோபரில் வேண்டாம். பதினேழாம் பிளாக்கில் வாய்க்கால் உடைந்து தண்ணீர் நிற்கிறது. எனக்கும் அந்த வாரம் இரண்டாவது ஷிப்ட். நவம்பர் 12 வா. லீவு எடுத்து வைக்கிறேன்.

புனிதா


தம்பின்
13 அக்டோபர் 2024

புனிதா,

நேற்றும் வந்தது. இந்தத் தடவை பேசினார்.

முதலில் வழக்கமான சத்தங்கள்தான். அப்புறம் யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது. மழையில் நனைந்துவிட்டு வந்தால் அம்மா உறிஞ்சுவாரே, அப்படி. குரல் மாறவே இல்லை. பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல இருந்தது.

“புனிதா வருவான்னு சொன்னியேம்மா. இருட்டிருச்சு.”

அவ்வளவுதான். கோபம் இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் துண்டித்துவிட்டது.

தண்ணீர் வடிந்ததா? வடிந்திருந்தால் நவம்பர் வரை எதற்கு? நீ சொன்ன உடனே வருகிறேன். பதில் போடு.

மாதவி


லாபு
6 நவம்பர் 2024

அக்கா,

உடனே பதில் போடாததற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

வாய்க்கால் உடையவில்லை. தண்ணீர் நிற்கவில்லை. அந்த வாரம் எனக்குப் பகல் ஷிப்ட்.

ஐந்தாவது கேஷ்பேக்குக்கு அக்டோபர் மாத பில் வேண்டும். அதில் ஒரு அழைப்பாவது இருக்க வேண்டும். நாம் 12-ஆம் தேதி போய் அம்மாவைக் கூட்டி வந்துவிட்டால் அன்றைக்கு அழைப்பு வராதே என்று நினைத்தேன். இன்னும் ஒரு மாதம்தானே, ஒரு வருடமாக இருக்கிறவர் இன்னும் ஒரு மாதம் இருக்க மாட்டாரா என்று நினைத்தேன். இதை அப்படியே வார்த்தையாக நினைத்தேன் அக்கா, சமையல் கட்டில் நின்றுகொண்டு.

நேற்று பில்லை நேரிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். 12 அக்டோபர், மாலை 6.40, ஒரு நிமிடம். கடையில் நிலானி என்று ஒரு பெண் இருக்கிறாள். முத்திரை குத்திவிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னாள்: “அக்கா, அஞ்சு தடவையும் விடாம வாங்கினது இந்த வருசத்துல நீங்க ஒருத்தர்தான்லா. மத்தவங்க எல்லாம் மறந்துடுவாங்க.”

பஸ் நிலையம் வரைக்கும் நடந்து வந்தேன். அங்கே உட்கார்ந்து உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். ‘இருட்டிருச்சு.’ நீ தெரியாமல் உட்கார வைத்தாய். நான் தெரிந்தே உட்கார வைத்தேன்.

தீபாவளிக்கு விளக்கு ஏற்றினேன். எதுவும் சமைக்கவில்லை. நீ இனிமேல் என் முகத்தில் விழிக்க வேண்டாம் என்று நினைத்தால் நான் தனியாகவே போகிறேன். அம்மா எதிர்பார்ப்பது என்னைத்தான்.

புனிதா


தம்பின்
9 நவம்பர் 2024

புனிதா,

செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்குள் லாபு ஸ்டேஷனில் இறங்கிவிடுவேன். நீ வந்து நில். தனியாகப் போகாதே.

உன்னைத் திட்டி ஒரு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தால் எல்லாம் எனக்கே பொருந்துகிறது. அதனால் அனுப்பவில்லை.

மாதவி


லாபு
21 நவம்பர் 2024

அக்கா,

நீ போய் எட்டு நாள் ஆகிறது. அன்றைக்கு உன்னிடம் சொல்லாமல் விட்டதைச் சொல்ல வேண்டும்.

நாம் பதினேழாம் பிளாக்குக்குள் நுழைந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. மண்டோர் காட்டிய மரம், எலி பிடிக்க ஆந்தைக்கு வைத்த மரப்பெட்டி, வாய்க்கால், அதுவரை நமக்கு ஒன்றும் ஆகவில்லை. நீ கைப்பேசியைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றாய். 6.40 ஆனது. மணி அடிக்கவில்லை. 6.41 ஆனது. நீ என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாய். நான் மரத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, “அம்மா, புனிதா வந்துட்டேன். லேட்டாயிருச்சு. எந்திரிங்க, வீட்டுக்குப் போலாம்” என்றேன். நீ அழுதாய். நான் அழவில்லை என்று உனக்கு வருத்தம் இருந்திருக்கலாம். நான் பயந்துபோயிருந்தேன். மரத்தடியில் காய்ந்த மட்டை ஒன்று கிடந்தது. நான் பேசி முடித்ததும் அது மெல்ல நிமிர்ந்தது, மேலே உட்கார்ந்திருந்தவர் எழுந்துவிட்டது போல.

நீ டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாய். நான் உன் பின்னால். எனக்குப் பின்னால் மூன்றாவதாக ஒருவர் நடந்து வந்தார். காய்ந்த மட்டையை மிதிக்கும் சத்தம். உன்னுடையது, என்னுடையது, பிறகு இழுத்து இழுத்து வைக்கிற ஒரு நடை. வாய்க்கால் பலகையில் நான் ஏறி இறங்கிய பிறகு பலகை மறுபடி ஒரு தடவை கிறீச்சிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டிக்கொண்டு நடந்தேன். லயத்து வீடுகளின் விளக்கு தெரிகிற வரைக்கும் அந்தக் கை சில்லென்று இருந்தது.

அன்று இரவு நீ அசந்து தூங்கினாய். அதனால் சொல்லவில்லை.

அக்கா, அம்மா வீட்டில்தான் இருக்கிறார். காலையில் எழுந்தால் அவர் கட்டிலுக்குக் கீழே ஈரச் செம்மண் இருக்கிறது. துடைத்துவிட்டுப் போனால் மறுநாளும் இருக்கிறது, ஆனால் முந்தின நாளைவிடக் குறைவாக. சாயந்தரம் ஆனால் அம்மா தேய்த்துக்கொள்ளும் தைல வாசனை வருகிறது. நேற்று சமையல் கட்டில் இருந்தபோது அறையிலிருந்து கேட்டது, “புனிதா, இது நம்ம வீடா?” நான் கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு, “ஆமாம்மா, நம்ம வீடுதான்” என்றேன்.

சமாதி கட்டி முடித்தாயிற்று. மழையில் இனி இறங்காது. ஆனால் அங்கே போய் நின்றால் யாரும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பக்கத்து வீட்டு ரதியிடம் பாதியைச் சொன்னேன். “வீட்டுல வச்சிக்கக் கூடாதுலா. பூசாரிய கூப்பிட்டு அனுப்பி வச்சிரு” என்கிறாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. விளக்கைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறேன். டிசம்பர் 2, திங்கட்கிழமையிலிருந்து எனக்கு இரண்டாவது ஷிப்ட், வீடு திரும்ப நடுநிசி ஆகும். அதுவரைக்கும் அவரைத் தனியாக விட்டுப் போக மனம் வரவில்லை. செத்துப் போனவரைத் தனியாக விட்டுப் போவதற்கு யோசிக்கிறேன் என்று யாரிடம் சொல்ல முடியும்?

புனிதா


தம்பின்
28 நவம்பர் 2024

புனிதா,

பூசாரியைக் கூப்பிடாதே. இரு என்றும் சொல்லாதே, போ என்றும் சொல்லாதே. நாம் சொன்னதைக் கேட்டு அவர் இருந்தது போதும். எப்போது போக வேண்டும் என்று அவருக்கே தோன்றட்டும்.

கிளினிக்கில் ஒரு வாரம் லீவு கேட்டேன். டாக்டர் எதற்கு என்று கேட்டார். “அம்மாவப் பாத்துக்க ஆள் இல்ல” என்றேன். சரி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் வந்துவிடுவேன். திங்கட்கிழமை நீ வேலைக்குப் போ. அம்மா அறையில் நான் பாய் போட்டுப் படுத்துக்கொள்கிறேன். இந்த வாரம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

மாதவி